போன் கதிர்வீச்சு தலைக்குள் எவ்வளவு போகிறது? வீட்டுக் கணினியிலேயே கணக்குப் போடலாம்

பாம்பனிலிருந்து விசைப்படகு கிளம்பி டவர் தூரமாக ஆக, போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே "காதுல வச்சுப் பேசுனா மூளைக்கு ஆகாதா?" என்று கடலுக்குப் போகிறவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. தலை ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பதுதான் எஸ்.ஏ.ஆர். இந்தியாவில் உச்ச வரம்பு 1.6 வாட்/கிலோ, 1 கிராம் திசுவில் சராசரியாக.

மென்பொருளுக்கு, மின்காந்த அலைகள் பரவுவதைக் கணினியில் கணக்கிடும் ஓப்பன் ஈ.எம்.எஸ். (openEMS) போதும். இலவசம், எஸ்.ஏ.ஆர். கணக்கும் உள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பைத்தானுடன் நிறுவிக்கொள்ளுங்கள்.

எடுத்த எடுப்பில் தலையை வரையாதீர்கள். முதலில் திரவம் நிறைந்த ஒரு தட்டையான தொட்டி. 900 மெகாஹெர்ட்ஸில் மூளைக்குப் பதிலான திரவத்துக்கு மின்காப்பு மாறிலி 41.5, கடத்துதிறன் மீட்டருக்கு 0.97 சீமென்ஸ், அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ. திரவத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி, 149 மி.மீ. நீள டைபோல் ஆன்டெனா (நடுவில் சக்தி ஊட்டும் நேர்க்கம்பி). சுற்றிலும் பி.எம்.எல். எல்லை, அதாவது அலையைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிவிடும் எல்லை.

அடுத்து கட்டம், அதாவது மென்பொருள் இடத்தைப் பிரித்துக் கணக்குப் போடும் சிறு பெட்டிகள். காற்றில் 33 செ.மீ. இருக்கும் அலைநீளம் திரவத்துக்குள் 5 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் கட்டத்தின் அளவைத் திரவத்தை வைத்து முடிவு செய்யுங்கள், 2 மி.மீ. சரியாக வரும். 1 மி.மீ. ஆக்கினால் கட்டங்கள் 8 மடங்கு, கணக்கு ஒவ்வொரு முறையும் நகரும் நேரப்படி பாதி. ஆக வேலை 16 மடங்கு. லேப்டாப் திணறிவிடும்.

இனிதான் பலரும் தடுக்கி விழும் இடம். ஓடி முடித்ததும் திரையில் வரும் எண் உங்கள் போனுடையது அல்ல. மென்பொருள் ஒரு துடிப்பைச் செலுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். ஆன்டெனா ஏற்றுக்கொண்ட சக்தியால் அந்த எண்ணை வகுங்கள். 1 வாட்டுக்கான எஸ்.ஏ.ஆர். கிடைக்கும். இந்தத் தொட்டியில் 1 கிராம் சராசரி சுமார் 11 வாட்/கிலோ வந்தால் உங்கள் மாதிரி சரி. வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

அப்புறம் உண்மையான சக்தியால் பெருக்குங்கள். 2ஜி போன் 900இல் உச்சமாக 2 வாட் விடும், ஆனால் 8 நேரத்துண்டில் ஒன்றில் மட்டும். சராசரி 0.25 வாட். 4ஜி என்றால் உச்சம் 0.2 வாட். கடலுக்குள் சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது இந்த உச்சத்தையே எடுங்கள். ராமநாதபுரம் டவுனுக்குள் போன் இதைவிட வெகு குறைவாகவே விடும். இதெல்லாம் சரியாக வந்த பிறகு தொட்டியை எடுத்துவிட்டு 9 செ.மீ. ஆரமுள்ள உருண்டையை வையுங்கள்; அதுதான் தலை.

பின்சேர்க்கை: கீழக்கரை வாசகர் ஒருவருக்கு விடை தாறுமாறாகப் பெரிதாக வந்தது. அடர்த்தியை 1 என்று கொடுத்திருந்தார். அங்கே கன மீட்டருக்குக் கிலோ கணக்கு, 1000 போட வேண்டும். படகுக்குக் கீழே கடல்நீரையும் வரைய வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். போன் காதை ஒட்டி இருக்கிறது, தண்ணீர் பல அலைநீளம் தள்ளி இருக்கிறது. தலைக்குள் விழும் உச்ச எண் அதனால் மாறிவிடாது.