‘வசதியற்ற மன்றம்’: அமெரிக்க வழக்குகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இருந்தும், வேறொரு நாட்டு நீதிமன்றமே அதற்கு உரிய இடம் என்று கருதி அதைத் தள்ளுபடி செய்ய அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இடம் தரும் கோட்பாட்டுக்கு ‘ஃபோரம் நான் கன்வீனியன்ஸ்’, அதாவது ‘வசதியற்ற மன்றம்’, என்று பெயர். அதிகார வரம்பு இல்லை என்று நீதிமன்றம் கைவிரிப்பதும் இதுவும் ஒன்றே என்று நினைப்பதுதான் முதல் தவறு. 2007இல் சைனோகெம் வழக்கில், அதிகார வரம்புச் சிக்கலைத் தீர்க்காமலேயே இக்கோட்பாட்டின்படி தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் குழப்பம் கூடியதே தவிர, இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது மாறவில்லை.

வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் கிடங்கு எரிந்ததற்கு நியூயார்க்கில் இழப்பீடு கேட்ட கில்பர்ட் வழக்கை (1947) இன்றைக்கும் அப்படியே முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் உண்டு. சாட்சிகளை வரவழைக்க முடியுமா, சம்பவ இடத்தைப் பார்வையிட வேண்டுமா, உள்ளூர் ஜூரிக்குத் தொடர்பில்லாத சுமையா என்று அத்தீர்ப்பு வகுத்த அளவுகோல்கள் இன்றும் செல்லும். வழக்கைத் தள்ளுபடி செய்த அதன் முடிவு செல்லாது. மறு ஆண்டே வந்த சட்டத்தின்படி, அமெரிக்காவுக்குள்ளேயே வேறு கூட்டாட்சி நீதிமன்றம் பொருத்தமானதாக இருந்தால் வழக்கு அங்கே மாற்றப்படும், தள்ளுபடி ஆகாது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் பைப்பர் எதிர் ரெய்னோ (1981). 1976இல் ஸ்காட்லாந்தில் ஒரு சிறு விமானம் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். விமானம் பென்சில்வேனியாவிலும் அதன் சுழலிகள் ஒஹையோவிலும் தயாரானவை. இழப்பீட்டுச் சட்டம் அமெரிக்காவில் சாதகமாக இருந்ததால்தான் அங்கு வழக்குத் தொடுத்ததாக வாதித் தரப்பே ஒப்புக்கொண்டது. வேறு நாட்டுக்குப் போனால் பொருந்தும் சட்டம் வாதிக்குப் பாதகமாக இருக்கும் என்பதற்குப் பெரிய எடை கிடையாது என்றும், வெளிநாட்டு வாதியின் தேர்வுக்கு உள்நாட்டவருக்குத் தரும் அளவு மதிப்புத் தரத் தேவையில்லை என்றும் நீதிமன்றம் தீர்த்தது. ‘அங்கே போனால் எங்களுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும்’ என்பதையே முதன்மை வாதமாக வைப்பது, ஆகவே, பெரும்பாலும் வீண். அங்கே பரிகாரமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தால் மட்டுமே அது எடுபடும்.

போபால் வழக்கு இதற்குக் கசப்பான சான்று. 1984 நச்சுவாயுக் கசிவுக்குப் பின், அமெரிக்க நிறுவனமான யூனியன் கார்பைடு மீது இந்திய அரசே நியூயார்க்கில் வழக்குத் தொடுத்து, தன் நாட்டு நீதிமன்றங்களால் இதைத் தாங்க முடியாது என்று வாதிட்டது. எதிர்த் தரப்போ இந்திய நீதிமன்றங்களின் திறமைக்கு நற்சான்று கொடுத்தது. ஆலையும் ஆவணங்களும் சாட்சிகளில் பெரும்பாலோரும் இந்தியாவில் இருந்தபோது, ‘எங்களால் முடியாது’ என்ற வாதம் நிற்கவில்லை. 1986 மே மாதம் நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்கு அனுப்பினார். மாற்று மன்றம் போதுமானதாக இருந்தால் போதும், அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. இது நியாயமா என்பது வேறு கேள்வி. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்ததை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாமல் இராது.

ஒப்பந்தத்திலேயே வெளிநாட்டு நீதிமன்றத்தைக் குறித்துக் கையெழுத்திட்டவர் பின்னர் தன் அசௌகரியத்தை எடுத்துச் சொல்வதிலும் பயனில்லை. 2013இன் அட்லாண்டிக் மரீன் தீர்ப்புக்குப் பின் அது கணக்கில் வராது.

கடைசியாக, தள்ளுபடி உத்தரவை மட்டும் படித்துவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பை விட்டுவிடக் கூடாது. கீனன் விதித்த நிபந்தனைகளில், இந்திய நீதிமன்றத்துக்கு நிறுவனம் உட்பட வேண்டும், காலவரம்பை எதிர்வாதமாக எழுப்பக் கூடாது என்பவை நிலைத்தன. இந்தியத் தீர்ப்பின்படி பணம் செலுத்த வேண்டும் என்பதையும், அமெரிக்க விதிப்படி ஆவணங்களைக் காட்டவேண்டும் என்று அந்நிறுவனத்தை மட்டும் கட்டுப்படுத்தியதையும் 1987 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது.