பிளோயரை அணைத்து மிச்சம் பிடித்த கதை

போன மாதம் பக்கத்து ஊர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பை அதே பெருமையோடு செய்துகொண்டிருந்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்கிரீனில் சிக்கும் பாலிதீனை அள்ளுங்கள், பம்புக்கு கிரீஸ் வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

இரவில் பிளோயரை அணைப்பது

சின்ன ஊர் நிலையத்தின் கரண்ட் பில்லில் பெரும்பங்கு, தொட்டிக்குள் காற்றடிக்கும் பிளோயருக்கே போகிறது. அதனால் சிக்கனம் என்றதும் கை நேராக பிளோயர் சுவிட்சுக்குப் போகும். இரவு பத்துக்கு மேல் வரத்து குறைகிறதே, சும்மா எதற்கு ஓட வேண்டும் என்று அணைத்துவிட்டு, காலை ஐந்துக்குப் போடுவேன். முதல் மாத பில்லைப் பார்த்து மேலதிகாரி தட்டிக்கொடுத்தார்.

ஏரேஷன் டேங்கில் அழுக்கைத் தின்பது பாக்டீரியா. தீனி குறைந்தாலும் அதற்கு மூச்சு வேண்டும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வாக்கில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். ஏழு மணி நேரம் காற்றில்லாமல் அடியில் படிந்து கிடந்ததன் தலையில், விடிந்ததும் ஊரே குளித்துத் துவைத்து அனுப்பும் தண்ணீர் வந்து விழும். அன்றாடம் இதே கூத்து.

நல்ல ஸ்லட்ஜ், அதாவது இந்த பாக்டீரியா நிறைந்த சகதி, சுக்குக் காபி நிறத்தில் இருக்கும். மழை பெய்த மண் வாசம் வரும். ஒரு லிட்டர் ஜாடியில் அரை மணி நேரம் வைத்தால் 250 மில்லி வாக்கில் அடியில் உட்காரும், மேலே தெளியும். மூன்றாவது வாரம் என் ஜாடியில் கறுப்புக் குழம்பு. அழுகின முட்டை நாற்றம். அரை மணி கழித்தும் மேலே கலங்கல்தான்.

அதோடு போயிற்றா? படிந்த சகதி, தொட்டியின் அடியில் காற்றைக் குமிழாக விடும் டிஃப்யூசரின் துளைகளை அடைத்துவிட்டது. டேங்கைக் காலி செய்துதான் கழற்ற முடிந்தது. வேறொரு நிலையத்திலிருந்து டேங்கர் லாரியில் ஸ்லட்ஜ் கொண்டுவந்து ஊற்றி, நிலையம் தேற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மிச்சம் பிடித்த காசு லாரி வாடகைக்கே பத்தவில்லை.

இன்னமும் எரிச்சல் வருவதற்குக் காரணம், நேர்வழி இருந்ததுதான். ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, டைமர் வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஓட்டலாம். நான் அந்த மீட்டரைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை.

செப்டிக் டேங்க் லாரியை அப்படியே கவிழ்ப்பது

வீட்டுச் சாக்கடைத் தண்ணீரைவிட அந்த லாரியில் வருவது பல மடங்கு கெட்டி. சமன்செய்யும் தொட்டியில் இறக்கி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

கலங்கிய தண்ணீரில் குளோரின்

காசுதான் கரையும்.

பம்பு கிணற்றில் ஆளை இறக்குவது

கூடாது. பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நாற்றம் நின்றுவிட்டதே என்று நம்பவும் வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் முதலில் மூக்குத்தான் மரத்துப்போகும்.

பழைய ரீடிங்கைப் பார்த்து எழுதுவது

அந்தப் பையனின் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். மாதம் முழுக்க 250, 250, 250. ஜாடி எங்கே தம்பி என்று கேட்டேன். அலமாரி மேலிருந்து எடுத்துக் கொடுத்தான். உள்ளே இரண்டு பல்லி முட்டை.