மாங்கன்று ஆர்டர் படிவம்: நான் சரிசெய்தது

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் ஒரு மா நர்சரிக்கு இணைய ஆர்டர் படிவம் செய்து கொடுத்திருந்தேன். பலர் பாதியிலேயே விட்டுவிட, ஒருநாள் நேரில் போய் உட்கார்ந்தேன்.

பர்கூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போனில் நிரப்பினார். நடுவில் அழைப்பு வந்தது. பேசிவிட்டுத் திரும்பியவர், கன்று எண்ணிக்கை 200-ஐப் பின்கோடு கட்டத்தில் போட்டார். "தம்பி, இந்தக் கட்டம் என்ன கேக்குதுன்னே தெரியலையே!"

கட்டத்தின் பெயரை, கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பாக (பிளேஸ்ஹோல்டர்) மட்டும் வைத்திருந்தேன். முதல் எழுத்தைத் தட்டியதும் அது மறைந்துவிடும். அன்றிரவே ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே மறையாத பெயர், அதாவது லேபிள், வைத்தேன். பக்கத்தின் எச்டிஎம்எல் குறிமொழியில் லேபிளின் 'ஃபார்' மதிப்பைக் கட்டத்தின் அடையாளமான 'ஐடி'யோடு இணைத்ததால், பெயரைத் தொட்டாலும் கட்டம் திறக்கும்; பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும் பெயரைப் படிக்கும்.

செந்தூரா, பெங்களூரா, நீலம் என்று ரகம் தேர்ந்தெடுக்கும் வட்டங்கள் பொடிப்பொடியாக இருந்தன. இணையப் பக்கம் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்கான வழிகாட்டி டபிள்யூசிஏஜி; 2023-இல் வந்த அதன் 2.2 பதிப்பின் ஏஏ நிலை (மூன்று நிலைகளில் நடுவிலுள்ளது) தொடும் இடத்துக்குக் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கு அது போதாது என்பது என் எண்ணம். வரி முழுவதையும் தொடும்படி, 48 பிக்சல் உயரம் கொடுத்தேன்.

பின்கோடு கட்டத்துக்கு 'நம்பர்' (எண்) வகையை எடுத்துவிட்டு, 'டெக்ஸ்ட்' (எழுத்து) வகையோடு, எண்பலகையைக் காட்டச் சொல்லும் 'இன்புட்மோட் நியூமரிக்' போட்டேன். எண்பலகை அப்படியே வரும், கூட்டிக் குறைக்கும் அம்புக்குறி வராது. எழுத்தளவை 16 பிக்சல் ஆக்கியதும், கட்டத்தைத் தொட்டால் ஐபோனில் பக்கம் பெரிதாகித் தாவுவதும் நின்றது.

வெறும் சிவப்புக் கோடாக இருந்த பிழை அறிவிப்பு, இப்போது கட்டத்தின் கீழேயே "பின்கோடு 6 இலக்கம் வேண்டும்" என்கிறது.

அடுத்த வாரம் அதே பெரியவர் யாரையும் கேட்காமல் செந்தூரா 200 கன்று பதிவு செய்தார்.