மின்சாரம் கொடுப்பதற்கு முன்: பழைய கேலகா இயந்திரத்தைச் சீர்செய்யும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பழைய விண்வெளிச் சண்டை விளையாட்டு இயந்திரம் ஒன்று கிடைக்குமானால், அது பெரும்பாலும் மூடிக்கிடக்கும் காப்பிக்கடையின் பின்கட்டிலோ பழைய இரும்பு வாங்குபவரின் தகரக் கொட்டகையிலோதான் கிடைக்கும். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கேலகா அப்படிக் கையில் சிக்கினால், உடனே பிளக்கைச் சொருகித் திரை எரிகிறதா என்று பார்க்கவே யாருக்கும் கை துடிக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள். ஈரத்திலும் தூசியிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த இயந்திரத்துக்குத் திடீரென்று மின்சாரம் கொடுத்தால், அதுவரை நன்றாக இருந்த சில்லுகளும் சேர்ந்து எரிந்துபோகலாம்.

விலை பேசுவதற்கு முன் பின்கதவைத் திறக்கச் சொல்லி, டார்ச் விளக்கு அடித்து உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பாருங்கள். அசல் கேலகா பலகையில் மூன்று இசட்80 செயலிகளும், நாம்கோ தனக்கென்றே செய்துகொண்ட சில சில்லுகளும் இருக்கும். அவற்றுள் 51 என்ற எண்ணுடையது காசையும் கைப்பிடியையும் கவனிக்கிறது. 54 என்ற எண்ணுடையது வெடியோசையை எழுப்புகிறது. இவை கடைகளில் வாங்கக்கூடிய பொதுச் சில்லுகள் அல்ல என்பதால், இவற்றில் ஒன்று காணாமற்போயிருந்தாலும் சேகரிப்பாளர்கள் விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசுவதில் நியாயம் உண்டு. இவற்றுக்குப் பதிலாகச் சாதாரணச் சில்லுகளை வரிசையாக அடுக்கியிருந்தால் அது நகல் பலகை. நகலை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை, அதுவும் அந்தக் காலத்துப் பொருள்தான். ஆனால் அசலின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. பெட்டியின் அடிப்பகுதியையும் மறக்காமல் விரலால் அழுத்திப் பாருங்கள். மரத்தூள் பலகை தண்ணீர் குடித்தால் உப்பிப் பொரிந்துவிடும். கரையான் ஏறியிருந்தால் மண்கோடு தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மின்மாற்றியில் ஒட்டியுள்ள சீட்டைப் படியுங்கள். ஜப்பானுக்காகச் செய்யப்பட்டது 100 வோல்ட்டிலும், அமெரிக்காவுக்காக மிட்வே நிறுவனம் செய்தது 120 வோல்ட் அளவிலும் ஓடும். நம் வீட்டுச் சுவரில் வருவதோ 230 முதல் 240 வோல்ட் வரை. சில மின்மாற்றிகளில் 240 வோல்ட்டுக்கான இணைப்பு முனை ஏற்கனவே இருக்கும், கம்பியை மாற்றினால் போதும். இல்லையென்றால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி மின்மாற்றி வாங்கியே ஆக வேண்டும். மூன்று முனை பிளக்கின் நில இணைப்பு பெட்டியின் உலோகப் பாகங்களோடு சேர்ந்திருக்க வேண்டும். ஃபியூஸ் இருந்த இடத்தில் யாரோ செம்புக் கம்பி முறுக்கி வைத்திருந்தால் (பழைய இயந்திரங்களில் இந்தக் கெட்டிக்காரத்தனம் அடிக்கடி கண்ணில் படும்) அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியான அளவுள்ள ஃபியூஸைப் போடுங்கள். பிறகு பலகையையும் திரையையும் கழற்றி வைத்துவிட்டு, மின்வழங்கியை மட்டும் சோதிக்கலாம். அது சரியாக இருந்தால் பலகையை இணைத்து, பலகையின் மேலேயே மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். 4.9-க்குக் கீழே இறங்கினால் திரையில் எழுத்துகள் சிதறும், 5.2-ஐத் தாண்டினால் சில்லுகளுக்கு ஆபத்து.

திரையை நீங்களே தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வண்ணப் படக்குழாய்க்குள் ஏறத்தாழ 20,000 வோல்ட் ஓடுகிறது. நிறுத்திய பின்பும் அது குழாயில் தங்கியிருக்கும். நம் பட்டணங்களில் பழைய குழாய்த் தொலைக்காட்சிகளைப் பழுதுபார்த்த அண்ணன்மார் இன்னும் சிலர் கடையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். கேலகாவின் திரை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்த வண்ணத் திரைதான் என்று சொல்லிவிட்டால், மின்தேக்கிகளை மாற்றுவதும் விரிசல் விட்ட பற்றவைப்புகளைச் சரிசெய்வதும் அவர்களுக்குப் பழகிய வேலை. திரைக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே தனிமைப்படுத்தும் மின்மாற்றி இருக்கிறதா என்பதை மட்டும் மறவாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

பலகையில் முதலில் பார்க்க வேண்டியது கம்பிக்கட்டு வந்து சேரும் விளிம்பு இணைப்பு. மின்னோட்டம் மிகுந்து செல்லும் முனைகள் கருகிப்போவது இந்த இயந்திரத்தின் பிறவி நோய். அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்தூரிகையால் துடையுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம். நிரல் பதிந்த ஈப்ரம் சில்லுகளின் கண்ணாடிச் சாளரத்தை மூடியிருக்கும் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள், ஏனெனில் புற ஊதா ஒளி பட்டால் உள்ளே உள்ளது அழியும். முடிந்தால் படிக்கும் கருவியில் அவற்றை வைத்துப் படித்து, பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைக்க 1997 முதல் வளர்ந்துவரும் மேம் (MAME) மென்பொருளின் தரவுகளோடு ஒப்பிட்டுப் படியெடுத்து வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், இயந்திரம் எழும்போது நினைவகமும் நிரலும் நலம் என்று தானே திரையில் எழுதிக் காட்டிவிட்டு, கட்டம்போட்ட படம் ஒன்றையும் காட்டும். அந்தக் கோடுகள் நேராக இருந்தால் திரையும் சரிதான்.

சூடேறிய பிறகும் நிலையாக ஓடுகிறதா என்று அறிய, அதை நீண்ட நேரம் ஓடவிட வேண்டும். அதற்குப் பழைய ஆட்டக்காரர்கள் அறிந்த தந்திரம் ஒன்று உதவும்: முதல் கட்டத்தில் இடப்பக்கத்துக் கடைசித் தேனீக்கள் (தேனீ வடிவ எதிரிகள்) இரண்டை மட்டும் சுடாமல் விட்டுவிட்டு, அவை சுடுவதை நிறுத்தும்வரை கால்மணி நேரம்போல விலகி விலகித் தப்பித்துக்கொண்டிருந்தால், பின்னர் எந்த எதிரியும் சுடாது. அது நிரலில் உள்ள பிழை.

மழைநாட்டில் இயந்திரத்தைத் தரையோடு வைக்காமல் மரக்கட்டையின் மேல் நிறுத்துங்கள். காற்றுத் துளைகளுக்குக் கம்பிவலை அடித்தால் பல்லி நுழையாது. மாலையில் இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறை சிறிது நேரம் ஓடவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் காயும்.

நூறு விளையாட்டு அடங்கிய புதுப் பலகையை மாட்டச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், கழற்றும் பாகம் ஒவ்வொன்றையும் பெயர் எழுதிப் பையில் கட்டி, அதே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். காசு வாங்கும் பொறியையும் மாற்றத் தேவையில்லை. 2012-இல் வந்த புதிய 20 காசின் அளவு வேறு. பொறி பழைய 20 காசுக்கு அமைக்கப்பட்டிருந்தால், பழைய காசுகளை ஒரு டப்பாவில் சேர்த்துப் பக்கத்தில் வைத்தாலே போதும்.