நீல இலை ஹோஸ்டா: நம்ம கடற்கரையில் செய்யக்கூடாத தவறுகள்

‘புளூ ஏஞ்சல்’ ஹோஸ்டாவின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நிழலில் மூன்றடி உயரம், நாலடி அகலத்துக்கு நீலப்பச்சை இலைக் கொத்து. நானும் ஆன்லைனில் தூர் வாங்கி, வீட்டுப் பூவரசு நிழலில் வைத்தேன். முதல் தடவை அழகாகத் துளிர்த்தது. தூரில் ஏற்கெனவே சேர்ந்திருந்த சத்தில் வந்த துளிர் அது. மறு வருஷம் இலை உள்ளங்கை அளவுதான். அதற்கப்புறம் வரவேயில்லை.

ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி. குளிர்காலத்தில் இலை உதிர்த்து, 5 டிகிரியை ஒட்டிய குளிரில் ஏறக்குறைய ஆறு வாரம் உறங்கினால்தான் மறுபடி தழைக்கும். பாம்பனில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே இங்கே அதை நடுவதே முதல் தவறு. அந்த நீலமும் இலை மேல் படிந்த மெழுகுதான். வெயில் பட்டால் போய் வெறும் பச்சையாகிவிடும்.

ஹோஸ்டாவுக்குப் பதிலாக நம்ம சேம்பை வையுங்கள். அதே மாதிரி மெழுகு அதன் இலையிலும் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஒட்டாமல் உருண்டோடி நடுக்குழியில் முத்தாக நிற்கும். நிழலும் ஈரமும் கிடைத்தால் இடுப்பளவு வளரும்.

சேம்பை இங்கே கெடுப்பது உப்பு. இலை ஓரம் பழுப்பாகக் கருகும், தொட்டி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். காய்கிறது என்று நினைத்து இன்னும் இரண்டு வாளி உப்பான போர் தண்ணீர் ஊற்றுவார்கள், கருகல் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து பிடித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது. உப்பு வேறு வழியிலும் வரும்: அலசாத தென்னைநார்த் தூள், கரையில் ஒதுங்கிய பாசி. இரண்டையும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் போடுங்கள். மணலில் சத்து நிற்காது, மட்கிய சாணம் தாராளமாக வேண்டும்.

நிழல் இருந்தால் போதும் என்று மேற்குப் பக்கம் வைக்காதீர்கள். ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பெரிய இலையை நாராகக் கிழித்துவிடும். சுவருக்குக் கிழக்கே வையுங்கள்.

சமைக்கவும் நினைத்தால் கேட்டு வாங்குங்கள். நர்சரியில் அழகுக்கு விற்கும் யானைக்காது வேறு, சமையல் சேம்பு வேறு. சமையல் சேம்பையும் புளி விட்டு நன்றாக வேகவைக்காவிட்டால் தொண்டை அரிக்கும்.