ஹவுரா பாலத்தை அடியிலிருந்து படம் எடுப்பது எப்படி?

ஹவுரா பாலம் என்று தேடிப் பாருங்கள். மல்லிக் காட் பூச்சந்தைப் படிக்கட்டு, கரையில் குளிப்பவர்கள், பின்னால் பக்கவாட்டில் முழுப் பாலம் என்று ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வரும். அழகான கோணம்தான். ஆனால் அதில் பாலத்தின் உருவம் தெரிகிறதே தவிர, இவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டு அது எப்படி நிற்கிறது என்பது தெரிவதில்லை. அதைப் பார்க்க அடியில்தான் போக வேண்டும். வைட் லென்ஸ் உள்ள போன் இருந்தால் போதும்.

கொல்கத்தாவையும் ஹவுராவையும் இணைத்து ஹூக்ளி ஆற்றின்மேல் 1943-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்துக்கு நடு ஆற்றில் தூணே கிடையாது. இரு கரையோரமும் நிற்கும் கோபுரங்களுக்கு இடையே 457 மீட்டர். பேருந்தும் லாரியும் ஓடும் தளம், மேலேயுள்ள எஃகுச் சட்டகத்திலிருந்து தொங்குகிறது. மொத்தம் சுமார் 26,500 டன் எஃகு; எல்லாம் ரிவெட் (குமிழ்த்தலை ஆணி) அடித்து இணைத்தது. காலில்லாமல் தொங்கும் அந்தத் தளம்தான் நம் படம்.

படி 1: சரியான படகு

ஹவுரா மெயிலில் போய் இறங்குகிறவர்களுக்கு ஸ்டேஷன் எதிரிலேயே படகுத்துறை. வடக்கே பாக்பஜார் பக்கம் போகும் படகில் ஏறுங்கள். அதுதான் பாலத்துக்கு அடியில் நுழையும். பாபுகாட் படகு தெற்கே போய்விடும். ஏறியதும் கூரை மறைக்காத இடமாக, முன்பக்கக் கம்பியோரம் நின்றுகொள்ளுங்கள்.

படி 2: நேரம்

காலை எட்டிலிருந்து ஒன்பதரை. கிழக்கே கொல்கத்தா பக்கமிருந்து சாய்ந்து வரும் வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, பாலத்தின் அடிப்பகுதியில் மெல்லிய வெளிச்சமாக அசையும். உச்சி வெயிலில் இது கிடைக்காது.

படி 3: அமைப்புகள்

முதல்முறை எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டுவிட்டேன். கேமரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பாலம் கரிக்கட்டையாக வந்தது. அதனால் போனில் 0.5 (வைட் லென்ஸ்) வைத்து, திரையில் இருண்ட எஃகின்மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பூட்டுங்கள். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் மட்டும் இறக்குங்கள். ஓரத்து வானம் வெளுத்துப் போனால் போகட்டும். கேமரா வைத்திருந்தால் ஷட்டர் 1/500, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800-இலிருந்து 1600 வரை. முழங்கையைக் கம்பியில் ஊன்றாதீர்கள், இன்ஜின் அதிர்வு அப்படியே படத்தில் இறங்கும். விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அந்தப் பத்து நொடி

பாலத்தின் அகலம் சுமார் 30 மீட்டர்தான். படகு பத்துப் பதினைந்து நொடியில் கடந்துவிடும். எடுக்க வேண்டிய மூன்று படங்களை முன்கூட்டியே மனதில் வைத்திருங்கள்.

நிழலுக்குள் நுழையும்போது முதல் படம்: தண்ணீர்மேல் விழுந்திருக்கும் நிழலின் விளிம்பும் படகின் மூக்கும் சேர்ந்து வரட்டும்.

நேர் அடியில் வந்ததும் பின்பக்கக் கேமரா மேலே பார்க்கும்படி போனைக் கிடையாகப் பிடியுங்கள். கட்டக்கோடு வசதியைப் போட்டிருந்தால் சில போன்களில் இரண்டு கூட்டல் குறிகள் தெரியும். ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் கணத்தில் அழுத்துங்கள். குறுக்கு உத்திரங்கள் வரிசையாக ஓடும், அவற்றின்மேல் மழைத்துளிபோல் ரிவெட் தலைகள். மேலே போகும் வண்டிகளின் இரைச்சல் நெஞ்சுக்கூட்டில் கேட்கும். அதில் மயங்கிப் பட்டனை அழுத்த மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு உயிர். வெளியே வந்ததும் திரும்பி அண்ணாந்து பாருங்கள். கீழே தளத்தின் விளிம்பு, மேலே எஃகுச் சட்டகம், இரண்டையும் இணைத்து நேராக இறங்கும் தொங்கு சட்டங்கள். பாலம் தளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் விதம் இந்த ஒரு படத்தில் முழுசாக வந்துவிடும். பர்ஸ்டில் (தொடர்ச்சியாக) நாலைந்து எடுத்துவிடுங்கள்.

போனுக்குக் கைக்கயிறு கட்டாயம். கம்பிக்கு வெளியே உடம்பை நீட்ட வேண்டாம். பாலத்தின்மேல் ஏறி எடுக்க நினைக்காதீர்கள், காவலர்கள் தடுக்கலாம்.

படி 5: திருத்தம்

கோணலை நேராக்கி, நிழல் பகுதியைச் சற்று ஏற்றுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்ற வேண்டாம். ஆற்றின் மண்நிறம் எஃகில் பட்டிருப்பது போய்விடும்.

திரும்பி வரும் படகிலும் கேமராவை உள்ளே வைக்காதீர்கள். குளிர்காலக் காலையில் பாலத்தின் வடமுகம் நிழலில் கிடக்கும், வெயில் எதிரிலிருந்து வரும். அப்போது வானத்தை அழுத்திப் பூட்டுங்கள்: நடைபாதையில் தலைச்சுமையோடு போகிறவர்கள் கறுத்த உருவங்களாக வரிசையாகக் கடந்துபோவார்கள்.