கணக்கில் வராத பிள்ளைகள்
குமரி மாவட்டத்தில் பூர்வீகம் தேடுகிறீர்களா? அண்ணன் தம்பிகளுக்கு நடுவே நாலைந்து வருஷ இடைவெளி தெரிந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். கைக்குழந்தையாகவே தவறிய பிள்ளை ஒன்று இருந்திருக்கலாம். அதே பெயரை அடுத்த பிள்ளைக்கும் வைத்திருப்பார்கள். இருவரையும் ஒருவராக எழுதிவிடாதீர்கள், பாவம். கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேட்டோடு அடக்கப் பதிவேட்டையும் பாருங்கள். 1956 வரை நம் மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அதனால் பழைய தாள்களில் மலையாள எழுத்தும், ஆவணியில் தொடங்கும் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டும் வரும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் மார்கழி நடுவரை 824, அதற்குப் பின் 825 கூட்டுங்கள். ஆவணி 1110 என்றால் 1934.

தகப்பன் பெயர் இல்லாத இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். வீட்டில் மூத்த பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். சொல்ல மனமில்லையென்றால் விட்டுவிடுங்கள். சொன்னாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.